வரிப் பட்டியலா, வீடு வீடாகவா? புயல் நிவாரணத்தில் பாரபட்சமின்மை பற்றி ஒரு கேள்வி

அலையாத்தி கேட்டது:

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நாகை, மயிலாடுதுறைக் கடலோரத்துக்கு ஒரு நிவாரணத் திட்டம் எழுதி வைக்கிறோம். புயல் கரையைக் கடந்த பிறகு உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்காது. அதனால் முடிவுகளை இப்போதே எடுத்துவிட நினைக்கிறோம். கையில் இருக்கும் பணத்துக்கு 600 குடும்பத் தொகுப்பு (ஒரு குடும்பத்துக்கான உணவுப் பொருள் மூட்டை) வாங்கலாம். நாங்கள் எடுத்துக்கொண்ட பகுதியில் சுமார் 900 குடும்பங்கள். ஒரு மீனவர் குப்பம், அதை ஒட்டிப் பட்டியலினக் குடியிருப்பு, வாய்க்கால் கரையில் இருளர் வீடுகள் சில, வெளிமாநிலத் தொழிலாளர் தங்கும் கொட்டகை இரண்டு.

ஊர்ப் பஞ்சாயத்தார் "எங்கள் வரிப் பட்டியல் இருக்கிறது, அதன்படி கொடுங்கள், பிரச்சினை வராது" என்கிறார்கள். எங்கள் குழுவில் பாதிப் பேர் "எல்லா வீட்டுக்கும் சமமாகக் கொடுத்துவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது" என்கிறார்கள். பணம் தருகிறவர்களில் ஒருவர் தன் சமூகத்தாருக்கு மட்டும் போய்ச் சேர வேண்டும் என்கிறார். ஒரு கட்சிக்காரர் லாரி தருகிறேன், கொடி மட்டும் கட்டிக்கொள்கிறேன் என்கிறார்.

பாரபட்சமற்ற உதவி என்றால் இந்த இடத்தில் துல்லியமாக என்ன செய்ய வேண்டும்? கோட்பாட்டை மட்டும் சொல்லாமல், பட்டியல் எடுப்பதிலிருந்து மூட்டை இறக்குவது வரை சொன்னால் உதவியாக இருக்கும்.

கரைவலை எழுதியது:

சொல்லை முதலில் சரியாகப் பிடித்துக்கொள்வோம். செஞ்சிலுவை இயக்கம் 1965இல் வியன்னா மாநாட்டில் ஏற்றுக்கொண்ட ஏழு கோட்பாடுகளில் இரண்டாவது பாரபட்சமின்மை. அதற்கு இரண்டு பாதி உண்டு. நம் பக்கத்தில் முதல் பாதியை மட்டுமே எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நாடு, இனம், மதம், வர்க்கம், அரசியல் கருத்து எதையும் பார்க்கக் கூடாது என்பது அந்த முதல் பாதி. தேவை ஒன்றையே அளவாகக் கொண்டு, மிக அவசரமான துன்பத்துக்கு முதலில் போக வேண்டும் என்பது இரண்டாம் பாதி. 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த நடத்தை விதிகளின் இரண்டாம் விதியும் இதையே சொல்கிறது: உதவியின் முன்னுரிமையைத் தேவையை மட்டும் வைத்துக் கணக்கிடு.

இரண்டாம் பாதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சமப் பங்கீடு. அதைப் பாரபட்சமின்மை என்று சொல்ல முடியாது. மாடி வீட்டுக்காரருக்கும் கூரை பறந்தவருக்கும் ஒரே மூட்டை கொடுப்பது, கூரை பறந்தவருக்குச் சேர வேண்டியதில் ஒரு பங்கை எடுத்து மாடி வீட்டுக்குக் கொடுப்பதுதான்.

உங்கள் எண்ணிக்கையிலேயே பார்க்கலாம். ஒரு தொகுப்பு 15 நாளுக்கு என்று வையுங்கள். 600 தொகுப்பை 900 வீட்டுக்குச் சமமாகப் பிரித்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் 10 நாள் வரும். வீடு வீடாகப் பார்த்ததில் 350 குடும்பத்துக்கு அடுப்பும் போய்ச் சேமிப்பும் போயிருக்கிறது, 500 குடும்பத்துக்கு வேலை மட்டும் நின்றிருக்கிறது, 50 குடும்பத்துக்குப் பெரிய சேதம் இல்லை என்று தெரிந்தால், முதல் 350க்கு முழுத் தொகுப்பு, அடுத்த 500க்கு அரைத் தொகுப்பு, 50க்கு இல்லை. 350ம் 250ம் சேர்ந்து அதே 600தான் செலவாகிறது. எல்லாம் இழந்தவர் 11ஆம் நாள் கடன் வாங்கப் போக மாட்டார்.

இனி வரிப் பட்டியல். இந்தக் கரையில் பல மீனவ ஊர்களில் வரி என்பது ஊர் உறுப்பினர் கணக்கு. கடலுக்குப் போகும், மணமான ஆண் ஒரு வரி. கணவரை இழந்த பெண் சில ஊர்களில் அரை வரி, சில ஊர்களில் வரியே இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு பல ஊர்களில் வந்த பொருளையெல்லாம் பஞ்சாயத்து ஓரிடத்தில் குவித்து வரிப்படி பிரித்தது. அதில் ஒரு நன்மை இருந்தது என்பதை மறுக்கக் கூடாது. முந்தினவர் அள்ளிக்கொண்டு போகவில்லை. ஆனால் வரி இல்லாதவர் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. கூடையில் மீன் விற்கும் பெண்கள், பக்கத்து உப்பளத்துக் கூலிகள், உப்பு ஏறிய வயல்களில் வேலை இழந்த விவசாயக் கூலிகள், கழிமுகத்தில் கையால் இறாலும் நண்டும் பிடிக்கும் இருளர்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் இறந்த பேரிடர் அது. கடலோரம் என்றாலே மீனவர், மீனவர் என்றாலே படகுக்காரர் என்று உதவி குறுகியது. பட்டியலின மக்கள் முகாமிலும் வரிசையிலும் ஒதுக்கப்பட்டது அப்போதே பதிவாகியிருக்கிறது.

ஆகவே வரிப் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள், மறுக்க வேண்டாம். அது உங்களுக்குக் கிடைக்கும் பல பட்டியல்களில் ஒன்று. ரேஷன் அட்டைப் பட்டியல், அங்கன்வாடிப் பதிவேடு, கிராம சுகாதாரச் செவிலியரிடம் இருக்கும் கர்ப்பிணிகள் பட்டியல், மகளிர் குழுப் பட்டியல் எல்லாவற்றையும் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத பெயர்கள்தான் நீங்கள் முதலில் நேரில் போய்ப் பார்க்க வேண்டிய வீடுகள். இவை எதிலும் இல்லாதவர்களும் இருப்பார்கள். வெளிமாநிலத் தொழிலாளர் கொட்டகை, வாய்க்கால் கரை, செங்கல் சூளை. அங்கே பட்டியலைத் தேடாதீர்கள், நேரே நடந்து போங்கள்.

வீட்டுக்குள் போனால் நீளமான கேள்வித்தாள் வேண்டாம். அடுப்பைப் பாருங்கள். சாம்பல் ஈரமாகக் கட்டிப்போய்க் கிடந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. விறகு எங்கே வைத்திருக்கிறார்கள், அரிசிப் பானை தரையில் இருந்ததா பரணில் இருந்ததா, தண்ணீர் எந்தக் குடத்தில், அதற்கு மூடி இருக்கிறதா. நேற்று எத்தனை வேளை சமைத்தீர்கள், யார் வீட்டில் சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். "பக்கத்து வீட்டில்" என்று பதில் வந்தால் பக்கத்து வீட்டின் தேவையையும் ஒரு படி ஏற்றுங்கள், ஏனென்றால் அவர்கள் இரண்டு குடும்பத்துக்குச் சமைக்கிறார்கள்.

படிக்கல் எழுதியது:

அளவுகளை நான் சொல்கிறேன். பாரபட்சம் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் நுழைவதில்லை, தப்பான அளவில் நுழைகிறது.

பேரிடர் காலத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோ கலோரி என்பது திட்டமிடும் அளவு. அரிசி 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், சர்க்கரை 15 கிராம், உப்பு 5 கிராம், கூடவே சத்துமாவு 50 கிராம் வைத்தால் அந்த அளவைத் தொட்டுவிடலாம். 5 பேர், 15 நாள் என்றால் அரிசி 30 கிலோ, பருப்பு 4.5 கிலோ, எண்ணெய் 2 லிட்டர், சர்க்கரை ஒரு கிலோவுக்குச் சற்று மேல், உப்பு 375 கிராம், சத்துமாவு 3.75 கிலோ.

இப்போது எல்லாக் குடும்பத்துக்கும் இதே தொகுப்பைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 8 பேர் வீட்டில் அந்த அரிசி 9 நாளில் தீரும். 2 பேர் வீட்டில் 37 நாள் வரும். எனவே மூன்று அளவு போதும்: 3 பேர் வரை ஒன்று, 4 முதல் 6 வரை ஒன்று, 7ம் அதற்கு மேலும் ஒன்று. அளவுக்கு ஒரு நிற அட்டை. நான்காவது அளவு சேர்த்தால் மேசையில் குழப்பம் வந்துவிடும்.

"குடும்பம்" என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள். ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ரேஷன் அட்டையை வைத்து எண்ணினால் ஒரே அட்டையில் இருக்கும் மூன்று உலைக்காரர்களுக்கு ஒரு மூட்டைதான் கிடைக்கும்.

பொதியும்போது: அரிசியை 30 கிலோ ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். 10 கிலோவாக மூன்று. தனியாக வாழும் வயதானவர் 30 கிலோவைத் தூக்க முடியாமல் யாரையாவது கூப்பிட்டால், தூக்குகிறவருக்கு அதில் பங்கு போய்விடும். பால் பவுடர், பால் புட்டி தொகுப்பில் வேண்டவே வேண்டாம். சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் அது குழந்தையின் உயிருக்கே ஆபத்து. தாய்ப்பாலுக்கு மாற்றான பொருளை இலவசமாக வழங்குவதை 1992ஆம் ஆண்டு இந்தியச் சட்டமும் தடுக்கிறது. கைக்குழந்தை உள்ள தாய்க்குக் கூடுதல் உணவும் மறைவான இடமும் கொடுங்கள்.

கல்யாண மண்டபத்திலோ பள்ளியிலோ ஆட்களைத் தங்கவைத்தால் வேறு கணக்கு. 400 பேர் என்றால், ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர் வீதம் 6,000 லிட்டர் தண்ணீர். 250 பேருக்கு ஒரு குழாய், அதாவது குறைந்தது இரண்டு குழாய். ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் கூரையடி இடம், மொத்தம் 1,400 சதுர மீட்டர். கழிப்பறை முதல் நாள்களில் 50 பேருக்கு ஒன்று, கூடிய விரைவில் 20 பேருக்கு ஒன்று, அதாவது 20. அதில் பெண்களுக்கு 15, ஆண்களுக்கு 5. பாதிக்குப் பாதி கொடுத்தால் பெண்கள் வரிசை நீளும், இருட்டும் வரை அடக்கிக்கொள்வார்கள், தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். சமமாகப் பிரித்தால் யாருக்கு அடி விழும் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடையாது.

குடிநீர் தொட்டியில் 1,000 லிட்டருக்கு 25 சதவீத வலுவுள்ள பிளீச்சிங் பவுடர் 8 கிராம் கரைத்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின். அரை மணி நேரம் விட்டுச் சோதித்தால் குழாய் முனையில் 0.2 முதல் 0.5 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சவில்லை என்றால் பவுடர் பழசு, அல்லது தண்ணீர் கலங்கல். கலங்கல் என்றால் முதலில் தெளியவைத்து வடித்துவிட்டு அப்புறம் பவுடர். முகாமில் எல்லாருக்கும் ஒரே தொட்டி, ஒரே குழாய். சாதி பார்த்துத் தனிக் குழாய் கேட்டால் அந்த ஒரு விஷயத்தில் சமரசமே கூடாது.

வெள்ளாற்றங்கரை எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் ஊரின் நிலைமையைப் பார்க்காமல் எழுதுகிறீர்கள். பஞ்சாயத்தாரைத் தாண்டிப் போனால் வண்டி ஊருக்குள்ளேயே வராது. அவர்கள் சமமாகப் பிரிப்பதற்கும் காரணம் உண்டு. ஒரு வீட்டுக்குக் கொடுத்து அடுத்த வீட்டை விட்டால், நீங்கள் லாரியில் ஏறிப் போன பிறகு அந்த இரண்டு வீடும்தான் ஒரே தெருவில் வாழ வேண்டும். நடத்தை விதிகளிலேயே உள்ளூர்ப் பண்பாட்டை மதி, உள்ளூர்த் திறனைக் கொண்டு செய் என்று 5ஆம், 6ஆம் விதிகள் இருக்கின்றனவே?

கரைவலை எழுதியது:

நியாயமான கேள்வி. அந்த விதிகளை மதித்தே சொல்கிறேன். இரண்டாம் விதியைத் தள்ளிவைக்க 5ஆம் விதியைப் பயன்படுத்தக் கூடாது. உள்ளூர் என்றால் பஞ்சாயத்தார் மட்டும் இல்லை, வாய்க்கால் கரையில் இருப்பவரும் உள்ளூர்தான்.

நடைமுறையில் இப்படிப் போகலாம். பஞ்சாயத்தாரிடம் முதலில் போங்கள். பட்டியலைப் பற்றிப் பேசாதீர்கள், விதியைப் பற்றிப் பேசுங்கள். "யாருக்கு முதலில் போக வேண்டும்?" என்று கேட்டால் அவர்களே சொல்வார்கள்: வீடு விழுந்தவர், ஆள் துணை இல்லாத பெண், படுக்கையில் கிடப்பவர். அதை ஒரு தாளில் எழுதி அவர்கள் முன்னாலேயே படித்துக் காட்டுங்கள். ஐந்து அல்லது ஆறு அளவுகோல், எல்லாம் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடியவை. "மிகவும் ஏழை" என்பது அளவுகோல் ஆகாது. "கூரை முழுதாகப் போனது" என்பது ஆகும். அதே கேள்வியைப் பட்டியலினக் குடியிருப்பில் தனிக் கூட்டத்திலும், பெண்களிடம் தனியாகவும் கேளுங்கள். பொதுக் கூட்டத்தில் பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

பிறகு பட்டியல். எடுத்து முடித்ததும் ஒவ்வொரு தெருவிலும் சத்தமாகப் படியுங்கள். சுவரில் ஒட்டினால் மட்டும் போதாது, படிக்கத் தெரியாதவருக்கு அது காகிதம். நோயாளி, கைவிடப்பட்ட பெண் போன்ற காரணங்களைப் பொதுவில் படிக்காதீர்கள், பெயரும் அட்டை நிறமும் போதும். புகாருக்கு இரண்டு நாள் விடுங்கள். புகார் வாங்குகிறவர் பட்டியல் எடுத்தவராக இருக்கக் கூடாது.

ஒரு சோதனையும் செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பட்டியலில் 20 பெயர், பட்டியலில் இல்லாத வீடுகளில் 10 வீடு எடுத்துப் போய்ப் பாருங்கள். 20இல் ஓரிருவர் தகுதியில்லாமல் உள்ளே வந்திருந்தால் விட்டுவிடலாம். வெளியே இருந்த 10 வீட்டில் 3 வீட்டுக்குத் தகுதி இருந்தால் அந்தத் தெருவை முழுதாகத் திரும்ப எடுங்கள். தகுதியில்லாதவர் ஒரு மூட்டை வாங்கினால் அரிசி மட்டும்தான் நஷ்டம். தகுதியுள்ளவர் விட்டுப்போனால் அங்கே ஒரு குடும்பம் பட்டினி கிடக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

தெருச் சண்டை பற்றி: முழு இழப்பு உள்ள தெருவில் பத்தில் ஒன்பது வீடு தகுதி பெற்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு வீட்டைப் பிரிக்கச் செலவாகும் நேரமும் பகையும் ஒரு மூட்டையைவிட அதிகம். அந்த அளவுக்கு உங்கள் பேச்சு சரி. ஆனால் அதை 900 வீட்டுக்கும் நீட்ட முடியாது.

இன்னொன்று. இழந்த சொத்தை அளவாக வைக்காதீர்கள். கஜா புயல் 2018 நவம்பர் 16இல் கரையைக் கடந்த பிறகு தென்னைக்கு அரசு மரத்துக்கு ரூ.600, வெட்டி அகற்ற ரூ.500, ஆக ரூ.1,100 அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரக் கணக்கில் ரூ.1,92,500. மரத்துக்காரருக்கு அது தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தோப்பில் காய் பறித்தவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்த பெண் ஆகியோருக்கு மரம் சொந்தமில்லை. மறுகன்று காய்க்கும் வரை பல ஆண்டுகள் அவர்களுக்கும் வேலை இல்லை. படகிலும் இப்படியே. படகு போனால் உரிமையாளருக்கு இழப்பீடு, பங்குக்குப் போன ஆளுக்கு வருமானம் போனது கணக்கில் வராது. சொத்தை அளந்தால் சொத்து இருந்தவரிடம்தான் போய் நிற்பீர்கள்.

பாலாவி எழுதியது:

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். இங்கு இதே பிரச்சினை பெரிய அளவில் நடந்தது. உங்கள் திட்டத்துக்குப் பயன்படும் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு வடக்கு கிழக்கில் இரண்டு வகை இடம்பெயர்ந்த மக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். ஒன்று கடல் அடித்து வந்தவர்கள். மற்றது போரால் பத்துப் பதினைந்து வருடமாக நலன்புரி நிலையங்களில் (அகதி முகாம்களில்) தறப்பாளுக்கும் ஓலைக்கும் கீழே இருந்தவர்கள். வெளிநாட்டுப் பணம் முழுக்க "சுனாமி" என்று பெயரெழுதி வந்தது. முற்றாக உடைந்த வீட்டுக்கு 2,50,000 ரூபா, பகுதியாக உடைந்ததற்கு 1,00,000 ரூபா, வாரத்துக்கு ஆளுக்கு 375 ரூபா பெறுமதியான நிவாரணம் எனக் கடல் அடித்தவர்களுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த போர் அகதிக்கு அதே அளவில் இல்லை. இரண்டு பிள்ளைக்கும் ஒரே பசிதான். கொடுத்தவர்கள் யாரும் இனமோ மதமோ பார்க்கவில்லை, ஆனாலும் பாரபட்சம் நடந்தது. காரணம், பணத்தின் மேல் எழுதியிருந்த பெயர். ஆகவே உங்களுக்கு வருகிற பணத்தில் "புயலால் பாதிக்கப்பட்டோர்" என்று எழுதாமல் "புயல் பகுதியில் தேவையுள்ளோர்" என்று எழுதி வாங்குங்கள். ஒரு சொல்தான், ஆனால் பிறகு கை கட்டப்படாது.

அடுத்தது வீடு கட்டக் கூடாத கரையோரத் தடை வலயம். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று முதலில் வைத்தார்கள். வலயத்துக்கு வெளியே இருந்தவர் காசை வாங்கித் தன் காணியிலேயே கட்டத் தொடங்கினார். உள்ளே இருந்தவர் வேறு காணியும் யாராவது கட்டித் தரும் வீடும் வரும்வரை தற்காலிகக் கொட்டிலில் இருந்தார். காணி உறுதி (நிலப் பத்திரம்) இல்லாதவர், வாடகைக்கு இருந்தவர் இரண்டு வரிசையிலும் கடைசி. மறுபக்கம், வள்ளங்களை ஆளாளுக்குக் கொடுத்ததில் சில இடங்களில் இழந்ததைவிடக் கூடுதலாகவே சிறிய வள்ளங்கள் வந்து சேர்ந்தன. கடற்றொழில் செய்யாதவர் கையிலும் வள்ளம் போனது. படம் எடுக்க வசதியான பொருள் அது.

மிக மோசமாக அடிபட்ட மாவட்டம் அம்பாறை. அங்கே மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனைப் பக்கத்து முஸ்லிம் மக்கள் பெருந்தொகையில் இறந்தார்கள். 2005 ஜூன் 24இல் அரசும் புலிகளும் நிவாரணப் பணத்தைச் சேர்ந்து நிர்வகிக்க ஒரு பொதுக் கட்டமைப்பில் ஒப்பமிட்டபோது முஸ்லிம் தரப்பு ஒப்பமிடும் தரப்பாக இருக்கவில்லை. அந்த மனக்குறை நியாயமானது. ஜூலை 15இல் உயர் நீதிமன்றம் (உங்கள் பக்கத்துச் சொல்லில் உச்ச நீதிமன்றம்) அதன் முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது, கட்டமைப்பு நடைமுறைக்கே வரவில்லை. பலம் உள்ள இரண்டு தரப்பு மேசையில் இருந்தால் போதும் என்று நினைப்பது தவறு. உங்கள் ஊரில் பஞ்சாயத்தாரும் கட்சிக்காரரும் இருக்கிற மேசையில் இருளர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

லாரிக் கொடி பற்றி. பாரபட்சமின்மை வேறு, நடுநிலைமை வேறு. முன்னது யாருக்குக் கொடுக்கிறோம் என்பது. பின்னது பிணக்கில் எந்தப் பக்கமும் சேராமல் இருப்பது. நடுநிலைமை எதற்கு என்றால், எல்லாப் பக்கத்துக்கும் போய்ச்சேரும் வழி அடைபடாமல் இருப்பதற்கு. 2008 செப்டெம்பரில் அரசு கேட்டுக்கொண்டபடி ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் போர் நடந்த வடக்குப் பகுதியான வன்னியை விட்டு வெளியேறின. சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு இருந்தது. 2009 பெப்ரவரி முதல் மே வரை கடல் வழியாக 13,000க்கும் மேற்பட்ட காயக்காரர், நோயாளர், அவர்களைப் பார்த்துக்கொண்டோரை அது வெளியேற்றியது. இரண்டு தரப்பும் விட்டால்தான் அந்தக் கப்பல் ஒவ்வொரு முறையும் கரைக்கு வர முடியும். தேவைப்பட்ட அளவுக்கு அது போதவே இல்லை, அந்த மாதங்களில் அங்கு மக்கள் பட்டது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரு தரப்பின் கொடியோடு வந்திருந்தால் அந்தக் கப்பலும் வந்திராது.

உங்கள் ஊரில் போர் இல்லை. ஆனாலும் கொடி கட்டிய லாரியைக் கண்டால் மற்றக் கட்சிக்கார வீட்டுப் பெண் வரிசைக்கு வர யோசிப்பார். லாரி வேண்டும் என்றால் வாடகை பேசி ரசீது வாங்குங்கள். இலவசமாக வாங்குவதானால் கொடியில்லாமல், எழுத்தில்.

பேரேடு எழுதியது:

பணம் பற்றி யாரும் சொல்லவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன்.

தன் சமூகத்துக்கு மட்டும் என்று நிபந்தனை வைப்பவரிடம் கோபப்பட வேண்டாம். எந்தப் பகுதி, எந்தப் பொருள் என்று அவர் தேர்ந்தெடுக்கலாம், எந்த மனிதர் என்று தேர்ந்தெடுக்க முடியாது என்று ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள். "குடிநீருக்கு மட்டும்" என்பது ஏற்கத்தக்க நிபந்தனை. "இன்ன சாதிக்கு மட்டும்" என்பது இல்லை. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பணத்தைத் திருப்பிவிடுங்கள். ஒருமுறை வாங்கினால் அடுத்தவர் அதைவிடக் குறுகிய நிபந்தனையோடு வருவார்.

வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் கவனம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அங்கே சம்பாதித்துத் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாமல் வாங்கவே கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு உள்ள அமைப்பு வாங்கி உங்களுக்குக் கைமாற்றுவதும் முடியாது. அவசரத்தில் "நம்ம ஆள்தானே" என்று தனியார் கணக்கில் வாங்கி மாட்டிக்கொண்டால் அடுத்த பேரிடரில் உங்கள் குழுவே இருக்காது.

கணக்கை இரண்டு பக்கமும் காட்டுங்கள். கொடுத்தவருக்கு அனுப்பும் அதே வரவு செலவைத் தமிழில் ஒரு பக்கமாக ஊரிலும் ஒட்டுங்கள். மேலே சொன்ன நடத்தை விதிகளில் 9ஆம் விதி கேட்பது இதைத்தான்.

படம்: மூட்டை கைமாறும்போது எடுக்காதீர்கள். கையில் பொருள் வாங்கும் நேரத்தில் "படம் எடுக்கலாமா?" என்று கேட்டால் அவர் எப்படி மறுப்பார்? கொடுத்தவருக்குச் சான்று வேண்டும் என்றால் கையொப்பம் அல்லது கைநாட்டு உள்ள பதிவேட்டுப் பக்கம், எடைச் சீட்டு, மூட்டை இறக்கும் படம் போதும்.

படிக்கல் எழுதியது:

வழங்கும் நாளைப் பற்றிக் கொஞ்சம், ஏனென்றால் நல்ல பட்டியல் கெட்டுப்போவது அங்கேதான்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கோயில் வாசல், கட்சி அலுவலகம், பஞ்சாயத்துக் கட்டடம் மூன்றும் வேண்டாம். சில தெருக்காரர்கள் அங்கே வரவே தயங்குவார்கள், வந்தாலும் ஓரமாக நிற்பார்கள். இரண்டு வாசல் உள்ள பள்ளி மைதானம் நல்லது. ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியே போகலாம். வாய்க்கால் கரையிலிருந்து நடந்து வரும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். தூரம் என்றால் அவர்களுக்குத் தனியாக வண்டியில் கொண்டுபோங்கள், அதுவும் முதல் நடையிலேயே. கடைசி நடைக்கு வைத்தால் பொருள் மிஞ்சாது. லாரி முதன்மைச் சாலையில் நின்றால் சாலையோரத்திலேயே காலியாகிவிடும். அதனால் முந்தின இரவே மூட்டைகளை உள்ளே இறக்கிப் பூட்டிவிடுங்கள்.

ஒரு மேசைக்கு மணிக்கு 50 குடும்பம் என்று கணக்கு வையுங்கள். அட்டையில் நேரம் எழுதிக் கொடுங்கள். 850 பேரையும் காலை 9 மணிக்கு வரச் சொன்னால் பலமுள்ளவர்தான் முன்னால் நிற்பார். முதல் மேசையில் பெயர் சரிபார்ப்பு, அடுத்ததில் பொருள், வெளியேறும் வாசல் பக்கத்தில் தராசோடு ஒரு மேசை. வாங்கியவர் சந்தேகப்பட்டால் அங்கேயே எடை போட்டுக்கொள்ளட்டும். அந்தத் தராசு சும்மா இருந்தாலும் இருக்கட்டும், அது இருப்பதே மூட்டை கட்டுகிறவரை ஒழுங்காகக் கட்டவைக்கும்.

அலையாத்தி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வரிப் பட்டியலை ஐந்து பட்டியல்களில் ஒன்றாக மட்டும் வைத்துத் திட்டத்தைத் திருத்துகிறேன். இரண்டு சந்தேகம். மகன் வீட்டில் ஒண்டியிருக்கும் கணவரை இழந்த தாயைத் தனிக் குடும்பமாக எண்ணலாமா? வழங்கி முடித்த பிறகு என்ன பார்க்க வேண்டும்?

கரைவலை எழுதியது:

உலையை வைத்தே முடிவு செய்யுங்கள். ஒரே உலை என்றால் ஒரே அட்டை, ஆனால் தலைக்கணக்கில் அவரையும் சேர்த்து, அட்டையை அந்த வீட்டுப் பெண் ஒருவர் பெயரில் எழுதுங்கள். தனி உலை என்றால் ஒரே கூரையானாலும் தனி அட்டை. இதைத் தாயிடம் தனியாகக் கேளுங்கள். மகன் பக்கத்தில் நின்றால் "ஒண்ணாத்தான் சாப்பிடுறோம்" என்றுதான் சொல்வார்.

பிறகு பார்க்க வேண்டியது: இரண்டு, மூன்று வாரம் கழித்து 30 வீட்டுக்குப் போங்கள், வழங்கியபோது வராத ஆட்களை அனுப்புங்கள். எவ்வளவு கிடைத்தது என்று கேட்டு அட்டையோடு ஒப்பிடுங்கள். வாங்கிய பிறகு யாருக்காவது பங்கு கொடுக்க வேண்டியிருந்ததா, தூக்கி வர யாருக்காவது காசு கொடுத்தார்களா, எதை விற்றார்கள் என்று கேளுங்கள். அரிசியை விற்றிருந்தால் திட்டாதீர்கள், எதற்காக விற்றார்கள் என்பதுதான் அடுத்த தேவை. பெரும்பாலும் மருந்து, மண்ணெண்ணெய், பள்ளிச் செலவு. பலர் ஒரே காரணத்தைச் சொன்னால் அடுத்த சுற்றில் பொருளைக் குறைத்து வங்கிக் கணக்கில் பணமாகக் கொடுப்பதை யோசியுங்கள், கணக்கு இல்லாதவருக்கு மாற்று வழியோடு.

வராமல் நின்ற அட்டைகளைத் தனியாக எடுத்து வையுங்கள். 850இல் 12 அட்டை வரவில்லை என்றால் அந்த 12 வீட்டுக்கும் அன்று மாலையே ஆள் போக வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர், வேலைக்குப் போய்விட்ட வெளிமாநிலத் தொழிலாளி, வரிசையில் நிற்க மற்றவர் விடாதவர் என்று மூன்றில் ஒன்றாக இருக்கும். முதல் இரண்டுக்கு மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். மூன்றாவதாக இருந்தால் மூட்டையைக் கொடுத்துவிட்டு, யார் விடவில்லை என்பதைப் பதிவேட்டில் எழுதி, அடுத்த சுற்றுக்கு வழங்கும் இடத்தையே அந்தக் குடியிருப்புக்கு மாற்றுங்கள்.